மெல்லிய பிணைப்பின் வல்லமை

இடக்கையும் வலக்கையும் ஒத்த உருவின. ஆயினும் வலக்கைக்குரிய உறை இடக்கைக்குப் பொருந்துவதில்லை. மூலக்கூறுகளிலும் இத்தகைய இருவகை உண்டு. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1848 ஆம் ஆண்டில் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களைக் கையாலேயே இரு கூறாகப் பிரித்து இவ்வுண்மைக்கு வழி திறந்தார்.

இரண்டையும் பிரிப்பது ஒன்று. வேண்டியதை மட்டும் ஆக்குவது வேறொன்று. உயிர்களின் உடலில் நொதிகள் இதனை இயல்பாகச் செய்கின்றன. நொதியையும் அது பற்றும் பொருளையும் பூட்டுக்கும் சாவிக்கும் ஒப்பிட்டார் எமில் பிஷர் (1894). ஆய்வுக்கூடத்தில் இதனைச் செய்ய விழைந்தோர் பெரும்பாலும் உலோகங்களையே நாடினர். பொருளை இறுகப் பற்றினாலன்றி ஒழுங்கு பிறவாது என்பது பலர் துணிபு.

மாற்றுக் குரலும் எழாமலில்லை. சிங்கோனா மரப்பட்டைப் பொருள்கள் ஹைட்ரஜன் பிணைப்பு என்னும் மெல்லிய ஈர்ப்பாலும் வினையை நெறிப்படுத்தும் என்று ஹீம்ஸ்ட்ராவும் வின்பெர்க்கும் 1981 இல் விளக்கினர். பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சிக்மன், ஜேக்கப்சன் இருவரும் உலோகத்தைத் தாங்குதற்கெனச் சில மூலக்கூறுகளை ஆக்கினர். ஒப்புநோக்கும் பொருட்டு உலோகமின்றியும் சோதித்தனர். அதுவே மேலான விளைவைத் தந்தது! அவர்கள் 1998 இல் வெளியிட்ட அவ்வினையூக்கிகளில் யூரியா, தயோயூரியா என்னும் பகுதிகள் அமைந்திருந்தன. இப்பகுதிகள் தம் இரு ஹைட்ரஜன்களால் பொருளை மெல்லத் தொட்டுப் பிடிப்பன.

மெல்லிய பிடி எவ்வாறு போதும்? இரு கார்பன் அணுக்களின் பிணைப்பை முறிக்க ஒரு மோலுக்கு ஏறத்தாழ 80 கிலோகலோரி வேண்டும். ஆனால் 25 பாகை வெப்பத்தில் ஒரு கை மற்றதைப் போல் பத்து மடங்கு விளைய, இரு வழிகளுக்கும் இடையே 1.4 கிலோகலோரி வேறுபாடே போதும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்பே அவ்வளவு தர வல்லது. இடர் வேறிடத்தில் உள்ளது: மெல்லிய பிடியில் பொருள் அசையும், திரும்பும். ஆகவே பல பிடிகளை ஒருங்கே அமைத்தல் வேண்டும்.

2010 இல் ஜேக்கப்சன் குழுவினர் தயோயூரியாவுடன் தட்டையான வளையத் தொகுதிகளை இணைத்தனர். தட்டுப் பரப்பு விரிய விரிய, ஒரு கையின் பங்கும் உயர்ந்தது. வினையிடையே தோன்றும் நேர்மின்னேற்றத்தை அத்தட்டு தன்பால் ஈர்ப்பதே காரணம் என்றனர்.

நொதிகளும் இவ்வாறே பல மெல்லிய பிடிகளால் தொழிற்படுவன. பிஷரின் சாவி பூட்டில் பொருந்துவது மட்டுமன்று. பல விரல்கள் அதனைத் தாங்கித் திருப்புகின்றன என்பதை நாம் இப்போது உணர்கிறோம்.