மார்மன் ஆலயமும் குடும்பப் பிணைப்பும்

கிறிஸ்தவ உலகிற்கு ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டு நாள். ஆயினும், அந்நாளில் தம் ஆலயங்களை மூடி வைக்கும் சபையார் ஒருவர் உளர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர் என்பது அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். மார்மன்கள் என்பது உலகம் அவர்களுக்கு இட்ட பெயர். அமெரிக்காவில் தோன்றிய இச்சபை, சிங்கப்பூரிலும் ஓர் ஆலயம் எழுப்பப்போவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது.

ஞாயிறு வழிபாட்டிற்கு ஊர்தோறும் அவர்களுக்குச் சபைக் கூடங்கள் உண்டு. அங்கு எவரும் செல்லலாம். ஆலயமோ வேறு. அர்ப்பணிக்கப்பட்ட பின்னர், சபை விதிப்படி ஒழுகுவோர் எனச் சான்றுச்சீட்டுப் பெற்ற உறுப்பினரே அதனுள் புகலாம். அங்கு நடைபெறும் சடங்குகளின் உச்சம், குடும்பத்தைச் சாவுக்கு அப்பாலும் பிரியாதவாறு பிணைப்பதாகும். இக்கருத்து எங்ஙனம் பிறந்தது, கல்லிலும் நீரிலும் எங்ஙனம் உருப்பெற்றது, அதனால் ஆறுதல் பெற்றோர் யார், வெளியே நிறுத்தப்பட்டோர் யார் என்பன ஆராயத்தக்கன.

தமையனின் மறைவு

சபையை 1830 ஏப்ரல் 6 ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தில் நிறுவியவர் ஜோசப் ஸ்மித். அவர் 1805 இல் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய மூத்த தமையன் ஆல்வின் 1823 நவம்பரில், 25 ஆம் வயதில் இறந்தார். ஆல்வின் ஞானஸ்நானம் பெற்றவரல்லர். ஆதலின் அவர் நரகம் புகுந்திருப்பார் என்னும் பொருள்படப் போதகர் இறுதிச் சடங்கில் பேசினார் எனக் குடும்பத்தார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தனர். சடங்கொன்று இல்லாமையால் நல்ல மகன் ஒருவன் குடும்பத்தினின்றும் என்றென்றும் பிரிக்கப்படுவானோ? இவ்வினாவே பின்னர் எழுந்த கொள்கைக்கு வித்தாயிற்று எனலாம்.

ஒஹாயோ மாநிலத்துக் கர்ட்லாந்தில் சபையின் முதல் ஆலயம் எழுந்தது. கட்டட வேலை முடியுந் தறுவாயில், 1836 ஜனவரி 21 ஆம் நாள், ஆல்வின் விண்ணுலகில் இருப்பதைக் காட்சியில் கண்டதாக ஜோசப் அறிவித்தார். அதே ஆண்டு ஏப்ரல் 3 ஆம் நாள், தீர்க்கதரிசி எலியா அவ்வாலயத்தில் தோன்றியதாகவும் கூறினார். தந்தையரின் நெஞ்சமும் பிள்ளைகளின் நெஞ்சமும் ஒன்றையொன்று நாட எலியா வருவார் என்னும் மல்கியாவின் முன்னறிவிப்பு அன்று நிறைவேறியதென்பது அவர்தம் நம்பிக்கை.

பின்னர் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், 1840 ஆகஸ்டு 15 ஆம் நாள், இறந்தவர்க்காக உயிரோடிருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம் என்று அவர் வெளிப்படையாகப் போதித்தார். அடுத்த மாதமே ஜேன் நேமன் என்னும் தாய், மறைந்த தம் மகனுக்காக மிசிசிப்பி ஆற்றில் மூழ்கி எழுந்தார்.

கல்லில் பொறித்த பொருள்

நாவூ ஆலயத்தின் சுவரில் அரைத்தூண்கள் 30 இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் நிலவும், உச்சியில் ஞாயிறும், அதற்கு மேல் விண்மீனும் செதுக்கப்பட்டிருந்தன. 1844 ஜூன் 27 இல் ஜோசப் சிறையில் கொல்லப்பட்டார். பகைவரின் நெருக்கத்தால் சபையார் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதற்குமுன், 1845 டிசம்பர் முதல் 1846 பிப்ரவரி வரை, முற்றுப்பெறாத அவ்வாலயத்திற்குள் ஐயாயிரத்திற்கும் மேற்பட்டோர் வந்து சடங்குகளைப் பெற்றனர்.

மேற்கே சென்றவர்கள் 1847 ஜூலையில் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அங்கே 1853 ஏப்ரல் 6 இல் அடிக்கல் நாட்டிய ஆலயம் 1893 ஏப்ரல் 6 இல் அர்ப்பணிக்கப்பட்டது. சரியாக 40 ஆண்டுகள்! ஏறத்தாழ 20 மைல் தொலைவிலிருந்த மலையில் வெட்டிய கருங்கற்களை முதலில் எருதுகளும் பின்னர் இருப்புப்பாதையும் கொணர்ந்தன. சுவரின் அடிப்பகுதி 9 அடி கனமுடையது.

அச்சுவர் ஒரு நூல்போல் படிக்கத்தக்கது. அடியில் நிலவுலகு, அதற்குமேல் வளர்ந்து தேயும் நிலவு, பின்னர் ஞாயிறு, விண்மீன் என மனிதன் ஏறவேண்டிய படிகள் முறையே அமைந்துள்ளன. மேற்குக் கோபுரத்தில் எழுமீன் எனப்படும் சப்தரிஷி மண்டலம் வடிக்கப்பட்டுள்ளது. துருவ மீனைக் காட்டும் அவ்விண்மீன்கள், வழி தவறியோர் ஆசாரியத்துவத்தின் துணையால் வழி காண்பர் என்பதைக் குறிக்கும்.

நீரும் கண்ணாடியும்

உள்ளே, ஞானஸ்நானத் தொட்டியைப் பன்னிரண்டு எருதுகளின் சிலைகள் தாங்கி நிற்கும். சாலொமோனின் ஆலயத்திலிருந்த வெண்கலக் கடலை ஒட்டிய இவ்வமைப்பு, இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்களைக் குறிப்பது. கல்லறையை நினைவூட்டத் தொட்டியைத் தரைமட்டத்திற்குக் கீழே அமைப்பது மரபு. சடங்கு செய்வோர் அனைவரும் வெண்ணிற ஆடை உடுத்துவர். செல்வர் வறியர் என்னும் வேற்றுமை அங்கில்லை.

மணமக்கள் பலிபீடத்தின் இருபுறமும் முழந்தாளிட்டு முத்திரிக்கப்படுவர். எதிரெதிரே தொங்கும் கண்ணாடிகளில் அவர்தம் உருவம் முடிவின்றித் தொடர்ந்து தோன்றும். அவர்தம் மணம் மரணத்தோடு முடிவதன்று, நித்தியத்திற்கும் உரியது. அவர்களுக்குப் பிறக்கும் மக்கள் அவ்வுடன்படிக்கையில் பிறந்தவராவர். இறந்த முன்னோரையும், உயிரோடிருப்போர் அவர்க்குப் பதிலாக நின்று இத்தொடரில் இணைக்கலாம். அதனை ஏற்பதும் மறுப்பதும் இறந்தவரின் விருப்பமே என்பர்.

தொடக்கத்தில் பலர் சபைத் தலைவர்களுக்கு வளர்ப்பு மக்களாக முத்திரிக்கப்பட்டனர். 1894 ஏப்ரலில் தலைவர் வில்ஃபர்டு வுட்ரஃப், ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெற்றோருடனும் பாட்டன் பூட்டனுடனும் இணைக்கப்பட வேண்டும் என்று பணித்தார். முன்னோரின் பெயர் தெரிந்தாலன்றோ இணைக்க இயலும்? ஆகவே அவ்வாண்டு நவம்பரில் யூட்டா மரபுவழி ஆய்வுச் சங்கம் பிறந்தது. 1938 முதல் அச்சங்கம் பல நாட்டுப் பதிவேடுகளை நுண்படமாக்கியது. ஆலயத்திற்குக் கல் வெட்டிய அதே பள்ளத்தாக்கின் மலையைக் குடைந்து அச்சுருள்களைக் காத்துவருகின்றனர். சுமார் 24 இலட்சம் சுருள்களைக் கணினிப் படிவமாக்கும் பணி 2021 இல் நிறைவுற்றது. பிற சமயத்தாரும் அவற்றால் பயன் பெறுகின்றனர்.

வாயிலுக்கு வெளியே

இத்தகைய ஆலயத்தின் வாயிலில் நின்று மன்றாடியவர் ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. 1843 இல் ஏறத்தாழ 800 மைல் கால்நடையாக நாவூவை அடைந்து, ஜோசப் வீட்டில் பணி செய்தவர். 1847 இல் மேற்கே சென்ற முன்னோடிகளுள் ஒருவர். ஆயினும், 1852 முதல் கறுப்பின ஆடவருக்கு ஆசாரியத்துவம் மறுக்கப்பட்டது. ஆலயத்தின் உயர் சடங்குகள் அவ்வினத்தார் எவருக்கும் கிட்டவில்லை. ஜேன் 1884 முதல் பலமுறை தலைவர்களிடம் வேண்டினார். 1894 மே 18 ஆம் நாள் அவருக்குக் கிடைத்ததென்ன? ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்திற்கு மகளாக அன்று, நித்தியப் பணிப்பெண்ணாக அவர் முத்திரிக்கப்பட்டார். அச்சடங்கிற்கும் அவர் உள்ளே அனுமதிக்கப்படவில்லை; வெள்ளையினப் பெண் ஒருவர் அவருக்குப் பதிலாக நின்றார். அவரவர் பெற்றோருடன் இணைக என்று தலைவர் பணித்து இரு திங்கள்கூட ஆகவில்லை. ஜேன் அதில் நிறைவு கொள்ளவில்லை, மீண்டும் வேண்டினார். 1908 இல் காலமானார். தடை 1978 ஜூனில் நீங்கியது. மறு ஆண்டு அவருக்காகப் பிறர் நின்று சடங்குகளை நிறைவேற்றினர்.

வேறு குறைகளும் எழுந்தன. இனப்படுகொலையில் மாண்ட யூதர்களின் பெயரால் ஞானஸ்நானம் செய்ததை யூதர் கண்டித்தனர். 1995 இல் அதனை நிறுத்தச் சபை உடன்பட்டது. சபையில் சேராத பெற்றோர் தம் பிள்ளையின் ஆலயத் திருமணத்தைக் காண இயலாமல் வருந்தினர். சட்டமுறை மணத்தை வெளியே நடத்துவோர் ஆலயச் சடங்கிற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்னும் விதி, அமெரிக்கா முதலிய நாடுகளில் நிலவிய ஒன்று, 2019 மே மாதத்தில் கைவிடப்பட்டது.

1893 முதல் 1978 வரை அச்சுவரில் ஒரு கல்லும் பொருள் மாறவில்லை. எழுமீன் வழி காட்டியவண்ணமே இருந்தது. மாறியது, அவ்வழியில் யார் வரலாம் என்னும் மனிதர் தீர்ப்பே. தமையனைப் பிரிந்த துயரில் பிறந்த ஆலயம் அது. ஆல்வினுக்கு இரங்கிய நெஞ்சம் ஜேனுக்கும் இரங்க அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.