புனா ஊற்றங்கரைத் தைக்கா: விருந்தினர் இல்லம் மட்டும் எஞ்சிய வரலாறு

பொஸ்னியா-ஹெர்சகோவினாவின் மொஸ்தார் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் பிளகாய் என்னும் சிற்றூர் இருக்கிறது. நகரப் பேருந்திலேயே போய்விடலாம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய தொலைவு என்பதால், பெரும்பாலான பயணிகள் இவ்வூருக்கு அரைநாளுக்கு மேல் ஒதுக்குவதில்லை. செங்குத்தான சுண்ணாம்புப் பாறையின் அடியில் ஒரு குகை. அதிலிருந்து புனா ஆறு, பிறக்கும்போதே முழு ஆறாகப் பெருகி வெளியே வருகிறது. கிழக்கே நெவெசின்யே சமவெளியில் சலோம்கா ஆறு பாறைப் பிளவுகளுக்குள் இறங்கி மறைகிறது. அந்த நீரே நிலத்தடியில் நெடுந்தூரம் ஓடி இங்கே தலைகாட்டுகிறது. குகைவாயை ஒட்டி, பாறையில் முதுகு சாய்த்தபடி ஒரு வெள்ளை வீடு. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தைக்கா என்று சொல்வார்களே, பொஸ்னியர்களின் ‘தெக்கியா’ அதுதான்.

வருகிறவர்கள் ‘சூஃபி மடம்’ என்று படம்பிடித்துச் செல்லும் அந்த வீடு உண்மையில் மடத்தின் விருந்தினர் இல்லம், முசாஃபிர்கானா. அதை ஒட்டி இருவர் அடங்கிய கபுறு அறை. பழைய வளாகத்தில் இவை இரண்டே எஞ்சியுள்ளன. மற்றவை ஏன் அழிந்தன, விருந்தினர் இல்லம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப எழுப்பப்பட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொடக்கத்தைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வழிகாட்டிகள் 1520ஐ ஒட்டிய ஆண்டைக் குறிப்பிடுவார்கள். ஊருக்குள் சுல்தான் சுலைமான் பெயரில் உள்ள பள்ளிவாசலின் காலம் 1520–21. தைக்காவுக்கும் அதே வயதைக் கொடுத்துவிட்டார்கள் என்பது என் ஊகம். கையில் கிடைக்கும் உறுதியான எழுத்துச் சான்று 1664இல் இப்பகுதிக்கு வந்த உஸ்மானியப் பயணி எவ்லியா செலபியின் குறிப்பு. மொஸ்தார் முஃப்தி இந்தப் பாறையடியில் கல்வத்தி தரீக்காவைச் சேர்ந்த தர்வேஷ்களுக்கு ஒரு தைக்கா கட்டினார் என்று அவர் எழுதுகிறார். ஆக, மடத்தைப் பற்றிய முதல் சாட்சியமே ஒரு வழிப்போக்கருடையது.

அந்தக் குறிப்பில் யாரும் அதிகம் நின்று கவனிக்காத சொல் ‘முஃப்தி’. 1660களில் இஸ்தான்புலின் நிலைமையை நினைத்துப் பார்க்க வேண்டும். காதிஸாதேலி இயக்கத்தைச் சேர்ந்த வாயிழ்கள் திக்ரு மஜ்லிஸையும், சுழல் நடனத்தையும், கபுறு ஸியாரத்தையும் பித்அத் என்று மிம்பரிலேயே சாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் செல்வாக்கு மிகுந்த வானி மெஹ்மத் எஃபந்தி சுல்தானுக்கே நெருக்கமானவர். தர்வேஷ்களின் இசையும் நடனமும் 1666இல் பொது இடங்களில் தடை செய்யப்பட்டன. அந்தச் சூழலில் மொஸ்தாரின் தலைமை ஆலிமே தர்வேஷ்களுக்கு இடம் கட்டிக்கொடுத்திருக்கிறார். ஷரீஅத்தின் ஆட்களும் தரீக்காவின் ஆட்களும் எங்கும் எதிரெதிராக நின்றார்கள் என்ற எளிய சித்திரம் ஹெர்சகோவினாவில் எடுபடாது. கல்வத்திகள் இங்கே அதற்கு முன்பே அரசின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார்கள். சரயேவோவில் காஸி ஹுஸ்ரவ் பேக் 1531இல் வக்ஃபு செய்த கானகாவும் அவர்களுக்குத்தான். ஹம்ஸா பாலி என்ற பொஸ்னிய ஷெய்கு கொள்கை பிறழ்ந்தவர் என்று 1573இல் கொல்லப்பட்டதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். எல்லைப்புற மாகாணத்தில் எந்தத் தரீக்கா வாழலாம், எது கூடாது என்பதை அரசு கணக்குப் போட்டே வைத்திருந்தது.

கபுறில் இருப்பவர்களில் ஒருவர் சரி சல்துக் என்பது உள்ளூர் நம்பிக்கை. காலக்கணக்கு இதற்கு இடம் தரவில்லை. சல்துக் 13ஆம் நூற்றாண்டவர்; துருக்மேனியக் குடிகளோடு கருங்கடலோரத் தோப்ருஜாவுக்குப் போனவர். உஸ்மானியர் பிளகாயைப் பிடித்தது 1466 வாக்கில். இடையே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல். இன்றைய ருமேனியாவின் பாபாதாக்கில் உள்ள அவரது அடக்கத்தலத்துக்கு 1484இல் சுல்தான் இரண்டாம் பாயஸீதே ஸியாரத்துக்குப் போயிருக்கிறார். அல்பேனியாவின் க்ரூயா மலைக்குகையிலும் பல்கேரியாவின் கலியாக்ரா முனையிலும் இவர் பெயர் நிலவுகிறது. ஓஹ்ரித் ஏரிக்கரையின் புனித நாவும் மடாலயத்தில் பெக்தாஷி தரீக்காவினர் நாவுமையே சல்துக்காகக் கண்டார்கள். தம் உடலைப் பல சவப்பெட்டிகளில் வைத்துப் பல நாடுகளுக்கு அனுப்பச் சொன்னார் என்ற கதை இத்தனை இடங்களையும் சமாதானப்படுத்தப் பிறந்ததாகலாம்.

இதைப் பொய் என்று ஒதுக்கிவிட்டால் ஆய்வாளருக்குத்தான் நஷ்டம். குகை, முனை, ஊற்று என்று முன்பே மனிதர்கள் அஞ்சி வணங்கக்கூடிய இடங்களிலேயே சல்துக் குடியேறுகிறார். ஓஹ்ரித் மடாலயத்தின் அருகிலும் ஊற்றுகள்தான். பெக்தாஷிகள் போற்றும் ஒருவரின் பெயர் கல்வத்திகளின் இடத்தில் ஒட்டிக்கொண்டது, இங்கே முதலில் இருந்தவர்கள் யார் என்ற விவாதத்தையும் எழுப்பியிருக்கிறது. தரீக்கா மாறினாலும் ஸியாரத்துக்கு வரும் மக்கள் மாறவில்லை என்ற அளவில் அந்த விவாதத்தை ஏற்கலாம்.

கட்டடத்தின் கதையை எழுதியது பெரும்பாலும் மேலே தொங்கும் பாறைதான். உடைந்து விழும் கற்கள் வளாகத்தைப் பலமுறை சிதைத்தன. 1717இலும் 1851இலும் புதுப்பித்தார்கள். இன்று பார்ப்பது, அடிப்படையில், இரண்டாவது திருப்பணியில் உருவானது. ஓமர் பாஷா லதாஸின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆஸ்திரிய எல்லைப் படைப்பகுதியில் செர்பியக் கிறித்தவராகப் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, உஸ்மானியத் தளபதியாக உயர்ந்தவர் அவர். பொஸ்னியாவின் உள்ளூர்ப் பிரபுக்களை ஒடுக்க அனுப்பப்பட்டார். ஹெர்சகோவினாவின் வஸீர் அலி பாஷா ரிஸ்வன்பேகோவிச் அதே 1851இல் அவர் காவலில் இருந்தபோது கொல்லப்பட்டார். உள்ளூர் அதிகாரத்தை வெட்டிச் சாய்த்த ஆண்டிலேயே உள்ளூர் மக்கள் கொண்டாடும் இடத்துக்குத் திருப்பணி! பக்தி இருந்திருக்கலாம், அரசியல் நிச்சயம் இருந்தது. அந்த அரசியலுக்குத் தர்வேஷ்கள் தனித்திருக்கும் அறைகள் பயன்படாது. நாலு பேர் வந்து தங்கி, காபி குடித்து, சுல்தானின் கொடை இது என்று சொல்லிப் போகும் கூடம்தான் வேண்டும்.

உள்ளே போனால் இது கண்கூடு. செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறினால், மரவேலைப்பாடுள்ள விதானங்கள், ஜன்னலோரத் தாழ்வான இருக்கைகள், காபி காய்ச்சும் அறை, விண்மீன் வடிவத் துளைகளில் வண்ணக்கண்ணாடி பதித்த சிறு ஹம்மாம். ஓர் உஸ்மானியக் குடும்ப வீட்டின் அமைப்பு இது.

1952இல் யூகோஸ்லாவிய ஆட்சியின் கீழ் பொஸ்னியத் தைக்காக்கள் அனைத்தும் மூடப்பட்டன. மூடியது அரசாணை அல்ல, சரயேவோவின் உலமா மஜ்லிஸ் முடிவு. புதிய ஆட்சியின் நிழலில் எடுத்த முடிவு. முஃப்தி கட்டியதை, முந்நூறு ஆண்டு கழித்து, உலமாக்களே பூட்டினார்கள். பிந்தைய பத்தாண்டுகளில் திக்ரு மீண்டது. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் மவ்லிதுக் கூட்டம் கூடுகிறது. 1993 நவம்பர் 9 அன்று மொஸ்தாரின் பழைய பாலம் குண்டடிபட்டு ஆற்றில் விழுந்தது, தைக்கா நின்றது. 2012இல் நடந்த பெரிய புதுப்பிப்பில் துருக்கியின் கை மீண்டும் சேர்ந்தது. எதிர்க்கரையில் மீன் உணவகங்கள் வரிசைகட்டின.

பிளகாயின் இயற்கையும் கட்டடங்களும் சேர்ந்த தொகுதி 2007 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. அப்பட்டியலில் இயற்கை என்பது பேருக்குச் சேர்த்த சொல் அல்ல. தாபர் நீர்மின் திட்டத்தில் சலோம்காவுக்குக் குறுக்கே ஓர் அணை உண்டு. அந்த நீர் வேறு பள்ளத்தாக்குக்குத் திருப்பப்பட்டால் புனா ஊற்றின் வரத்து குறையும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்துவருகிறார்கள். கட்டடத்தைக் காக்கும் அதிகாரம் மொஸ்தார் பக்கம் இருக்கிறது. ஊற்றுக்கு நீர் தரும் சமவெளியோ ஸ்ர்ப்ஸ்கா குடியரசின் நிர்வாகத்தில் இருக்கிறது.