நடுவில் நிற்கும் குரல்

சினிமாவில் நடிகர் திரையின் ஓரத்துக்குப் போகிறார், குரல் மட்டும் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. இந்த எரிச்சல்தான் ஆலன் ப்ளூம்லைனை ஸ்டீரியோவுக்குக் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். இஎம்ஐ நிறுவனத்தின் பொறியாளரான அவர் 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1942இல் ரேடார் சோதனை விமானம் விழுந்து இறந்தபோது வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்ததோ 1950களின் கடைசியில்தான்.

இரண்டு பெட்டிகளும் ஒரே அளவில் ஒலித்தால், ஆளே இல்லாத நடுவிடத்தில் பாடகர் உட்கார்ந்திருப்பார். அவரை நகர்த்துவது சத்தம் மட்டும் கிடையாது, நேரமும்தான். ஒரு பெட்டி ஓரடி கிட்டே இருந்தால், அதன் ஒலி மில்லி செகண்டு அளவுக்கு முந்தி வரும். காது முந்தியதன் பக்கம் சாயும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் இந்த முந்துதலை ஆராய்ந்தார். பேலன்ஸ் குமிழ் சத்தத்தைச் சரிக்கட்டும், நேரத்தைத் தொடாது.

புதுக்கோட்டையில் எங்கள் கூடத்துக்கு இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் திறந்த முற்றம். பாட்டு எப்போதும் இடப்பக்கமே சாய்ந்தது. எழுபதைத் தாண்டிய அப்பா, "எனக்கு வலது காது போயிருச்சுடா" என்று முடிவுகட்டி, கேட்பதையே குறைத்துக்கொண்டார். மெக்கானிக், பெட்டியை மாத்துங்க என்றார்.

மோனோவில் பதிந்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். அதில் குரல் நடுவில்தான் நிற்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் இடம் வலம் ஒயர்களை மாற்றினேன். சாய்வு மாறவில்லை, ஆம்ப்ளிஃபயர் தப்பித்தது. பெட்டிகளை இடம் மாற்றியும் அப்படியே. கடைசியாக, "திரும்பி உக்காருங்கப்பா" என்றேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தவருக்கு இப்போது வலது காதுப் பக்கம் சாய்ந்தது. காது நல்லாத்தான் இருக்கு. குற்றவாளி கூடம்.

நாற்காலியிலிருந்து நூல் பிடித்து இரண்டு பெட்டிகளையும் சம தூரத்தில் வைத்தோம். இடப்பக்கப் பெட்டியைச் சுவரைவிட்டுத் தள்ளி, சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டோம். குரல் நடுவுக்கு வந்தது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்திய மான்பூண்டியா பிள்ளையின் ஊர் இது. அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936இல் மறைந்தார். அவர் காலத்து இசைத்தட்டில் எல்லா வாத்தியமும் ஒரே புள்ளியிலிருந்து வரும். மேடையிலோ, கேட்பவருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். நல்ல ஸ்டீரியோ பதிவில் அந்த மேடை திரும்பக் கிடைக்கிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்ட இடத்தைக் கஞ்சிரா எங்கிருந்து எடுக்கிறது என்று அப்பா இப்போது விரலை நீட்டிக் காட்டுகிறார்.