வாடா மலரும் காகிதப் பூவும்

சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் குப்பத்தைத் தாண்டியதும் வரும் சிறு நிலையம் குடுபல்லி. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தமிழகமும் கருநாடகமும் அண்டை வீடுகள்போல் நிற்க, அமைந்திருப்பது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்கு வந்து சேர்ந்தது. குப்பத்து வட்டாரம் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இங்குள்ள சந்தையில் தெலுங்கும் தமிழும் கன்னடமும் கலந்தே ஒலிக்கின்றன. சாமந்தியும் செண்டுமல்லியும் ரோசாவும் விளைந்து வெளியூர்களுக்குப் போகும் மண் இது.

பூ விளையும் நாட்டில், திருவிழா நெருங்கினால் மக்கள் காகிதத்தை வெட்டிப் பூச் செய்வானேன்? இவ்வினாவை நாம் முதலில் விளையாட்டாகவே எழுப்பிக்கொண்டோம். ஆராயப் புகுந்த பின்னர்தான், விடை புறநானூறு வரை நம்மை இழுத்துச் செல்லும் என்பது விளங்கிற்று.

இதே மாவட்டப் பரப்பின் மறுகோடியில் இருந்த திருப்பதியில், மே மாதத்தில் கங்கம்மன் ஜாத்திரை நடைபெறுகிறது. ஆடவர் பெண்வேடம் புனைவதும், நாளுக்கொரு வேடமாக வீதி வலம் வருவதும் பலரும் அறிந்தவை. அவற்றினும் நம் கருத்தைக் கவர்ந்தது சப்பரம். மூங்கில் தப்பைகளால் கோபுரம்போற் கட்டி, வண்ணத் தாள் ஒட்டி அணிசெய்து, அதனைத் தலைமேல் தாங்கிக்கொண்டு அடியார் அம்மன் சந்நிதிக்கு வருகின்றனர். சப்பரம் என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றே. மே மாதத்து வெயிலில் தலையிற் சுமக்கும் கோபுரத்தை மெய்ப்பூக்களால் வேய்ந்தால் என்னாகும்? கழுத்து தாங்காது, உச்சிப் பொழுதுக்குள் பூவும் தாங்காது. காகிதமோ எடையற்றது, மாலை வரை நிறத்தோடு நிற்பது. எனவே இங்குக் காகிதம், பூ அகப்படாமையால் வந்த மாற்றுப் பொருளன்று. பூவால் இயலாத பணிக்கென்றே அமர்த்தப்பட்டது.

ஆயினும் நம் பேச்சு வழக்கு இத்தொழிலுக்கு நீதி செய்யவில்லை. "காகிதப் பூ மணக்குமா?" என்று கேட்டுவிட்டால் போதும், எதிரில் நிற்பவர் போலி என்று முத்திரை குத்தியதாகும். மேடைப் பேச்சாளரும் கவியரங்கக் கவிஞரும் இவ்வுவமையைக் கைவிடுவதே இல்லை. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. வேலியோரம் செந்நிறமாய்க் குலுங்கும் போகன்வில்லா என்னும் உயிருள்ள கொடிக்கும் நாம் காகிதப் பூ என்றே பெயரிட்டிருக்கிறோம். அதில் நாம் இதழென்று எண்ணுவன உண்மையில் வண்ணம் பெற்ற இலைகள். மெய்ப்பூ நடுவிலே சிறிதாய் வெண்மையாய் ஒளிந்திருக்கிறது!

பண்டைத் தமிழர் இத்தகைய இகழ்ச்சியை அறியார். அவர்க்கு வாடாமை குறையன்று, சிறப்பு. புறநானூற்று 126ஆம் பாட்டில் மாறோக்கத்து நப்பசலையார் மலையமான் திருமுடிக்காரியின் முன்னோரைப் புகழ்கிறார். பகைவரது யானையின் நெற்றிப்பட்டத்துப் பொன்னைக் கொணர்ந்து, அதனால் வாடாத தாமரை செய்து, பாணர் தலையில் அவர்கள் சூட்டினர் என்பது அவர் கூறும் செய்தி. குளத்துத் தாமரைக்கு அந்நாளிற் பஞ்சமில்லை. எனினும் கலைஞனுக்குப் பரிசிலாக அளித்தது கையாற் செய்த பூவையே. அதில் மணமில்லையென்று எந்தப் பாணனும் முகஞ்சுளித்ததாகச் சான்றில்லை.

பொன் மன்னர்க்கு, எளியோர்க்கு எது? சிலப்பதிகாரம் விடை தருகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை இளங்கோவடிகள் வரிசைப்படுத்துகிறார். தையற்காரர், தோல் தைப்போர் ஆகியோரை அடுத்து, கிழியாலும் கிடையாலும் பல தொழில் செய்யும் மக்கள் சுட்டப்பெறுகின்றனர். கிழி என்பது துணி. கிடை என்பது நெட்டி. கிடேச்சை என்றும் பெயர் பெறும். வாடாமாலை, பாவை முதலியவற்றை இவற்றால் ஆக்குவோர் என்று உரைவழி விளங்குகிறோம். ஆகவே துணிப்பூவும் நெட்டிப்பூவும் செய்வோர், பொற்கொல்லரோடும் மணி குயிற்றுநரோடும் ஒரே நகரில், ஒரே காப்பியத்தில் இடம்பெற்றவர் ஆயினர். அதுவும் இந்திரவிழாவைச் சொல்லும் காதையில்! இன்று ரிப்பனைச் சுருக்கிப் பூவாக்கும் கைக்கும் அந்தக் கிழித் தொழிலுக்கும் உறவு சொல்லுதல் மிகையாகாது என்பது நம் துணிபு.

நெட்டி இன்றும் அழிந்துபடவில்லை. நீர்நிலைகளில் வளரும் இச்செடியின் தண்டு, தோலைச் சீவினால் பால்போல் வெளுத்திருக்கும், பஞ்சினும் இலேசானது. ஆடுதுறையை அடுத்த நரசிங்கம்பேட்டையில் தண்டை உலர்த்தி, துண்டுகளாக நறுக்கி, சாயமேற்றி, நாரிற் கோத்து மாலையாக்குகின்றனர். மாட்டுப்பொங்கலன்று உழவுமாட்டின் கழுத்தில் விளங்கும் நெட்டிமாலை அதுவே. நாகசுரத்தால் ஊரின் பெயரை அறிந்தவர் பலர்; மாலையால் அறிந்தவர் மாடு வைத்திருப்போர் மட்டுமே போலும். தஞ்சாவூரில் இதே நெட்டியாற் பெரிய கோயிலின் உருவம் சமைக்கிறார்கள். அவ்வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வங்காளத்திலோ மணமகனின் முடியும் துர்க்கையின் அணிகலனும் இதனாலாவன. ஏரி வற்றினால் நெட்டி இல்லை, நெட்டி இல்லையேல் மாலை இல்லை.

காகிதம் இவ்வரிசையில் இளையது. ஆலையில் வண்ணத் தாள் மலிவாய்ப் பெருகிய பின்னரே எளியோர் வீட்டு விழாவிற்கு அது வந்தது. செய்முறையைச் சற்றே விரித்துரைப்போம். மெல்லிய தாளைப் பல மடிப்பாக மடித்து, இருவிரல் அகல நாடாவாக வெட்டி, ஓரத்தைப் பிறைபிறையாகக் கத்தரிப்பர். மூங்கிற் குச்சியின் நுனியில் அடிப்புறத்தை இறுக்கிச் சுற்றி நூலாற் கட்டினால் மொட்டு. இதழ்களை ஒவ்வொன்றாய்க் கத்தி முதுகில் இழுத்துவிட்டால் மலர். சுருக்குத் தாளாயின் வேறொரு நுட்பம் வேண்டும். அது ஒருபுறமாகவே நீளும் இயல்பினது. சுருக்கம் இதழின் நெடுக்கே ஓடுமாறு வெட்டினாலன்றி, பெருவிரல்களால் நடுவை விரித்துக் கிண்ணம்போற் குழிக்க இயலாது. ஒட்டுவதற்கு மைதாப் பசை. பூச்சி அரிக்காமலிருக்க அதிலே சிறிது மயில்துத்தம். ரிப்பன் பூவுக்குப் பசை வேண்டா: ஓர் ஓரத்தில் நூலோட்டி இழுத்தால் தானே சுருண்டு மடிகிறது, வெட்டிய முனை பிரியாதிருக்க மெழுகுவத்திச் சுடரிற் காட்டி எடுக்க வேண்டும். இரட்டைச் சடையை மடித்து ரிப்பனைப் பூவாக முடிந்துகொண்டு பள்ளி சென்ற பெண்மக்கள் அனைவரும் இக்கலையின் முதற்பாடத்தைக் கற்றவரே.

இத்தொழிலை அசைத்தது மெய்ப்பூ அன்று, நெகிழிப் பூ. 1950களின் இறுதியில் ஆங்காங் நகரத்து ஆலைகள் அதனை உலகெங்கும் ஏற்றுமதி செய்யத் தொடங்கின. பின்னாளிற் பெருஞ்செல்வராய் விளங்கிய லீ கா-சிங் அத்தொழிலாலேயே முதலில் உயர்ந்தார். இன்று நம் ஊர்ப்புறத்துப் பந்தல் வரை அச்சரக்கு வந்துவிட்டது. அது மழைக்குக் கரையாது, வெயிலுக்கு எளிதில் வெளுக்காது. அடுத்த ஆண்டுக்கும் கட்டி வைக்கலாம். உண்மையில் "வாடா மலர்" என்னும் பெயர் அதற்குத்தான் முற்றும் பொருந்துகிறது! 2022 சூலை முதல் நாளிலிருந்து நடுவணரசு ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்கள் சிலவற்றைத் தடை செய்தது. அப்பட்டியலில் அலங்காரத்துக்கான தெர்மோகோல் உண்டு, நெகிழிக் கொடி உண்டு. நெகிழிப் பூ இல்லை. விட்டுப்போனதன் காரணம் எதுவாயினும், இழப்பு காகிதத்தை நம்பியவருக்கே.

போர்ச்சுகல் நாட்டில் காம்போ மயோர் என்றொரு சிற்றூர். அவ்வூரார் தெருத்தெருவாகக் கூடி, பல மாதம் உழைத்து, காகிதப் பூக்களால் ஊரையே கூரை வேய்ந்தாற்போல் மூடிவிடுவர். ஒவ்வொரு தெருவும் தன் வடிவத்தை அடுத்த தெரு அறியாமற் காக்கும். 2021இல் யுனெஸ்கோ அதனை மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. அவ்விழாவுக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. ஊரார் விரும்பும் ஆண்டில் நடக்கும். பூச் செய்யக் கைகள் சேராத ஆண்டில் நடவாது.

நம் சப்பரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆண்டு தவறாமல் மே வருகிறது, அம்மனும் வருகிறாள். மூங்கிலைப் பிளந்து தாளை மடிக்கத் தெரிந்தவர் அதற்குள் அகப்பட்டாக வேண்டும்.