பித்தப்பையும் தமிழ் மருத்துவ நூல்களும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில், வெறுவயிற்றோடு கொழுந்தெடுக்கச் சென்றவர் தலைசுற்றி அமர்ந்தால், "பித்தம் ஏறிவிட்டது" என்பர். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் கொணர்ந்த வழக்கு அது. சித்த மருத்துவத்தில் பித்தம் என்பது வாதம், கபம் என்பவற்றோடு உடலை இயக்கும் முக்கூறுகளுள் ஒன்று. உடற்கூற்று நூல் கூறும் பித்தநீரோ ஈரலில் ஊறும் ஒரு நீர். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவற்றை வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

பித்தப்பை ஈரலின் வலப்பகுதிக்கு அடியில் ஒட்டிக் கிடக்கும், பேரிக்காய் வடிவான சிறு பையாகும். நீளம் 7 முதல் 10 செண்டிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 30 முதல் 50 மில்லிலிட்டர். அடி, உடல், கழுத்து என அதனை மூன்றாகப் பகுப்பர். பித்தநீரைச் சுரப்பது ஈரலே. பை அதனைச் சேமித்து, நீரை உறிஞ்சிப் பன்மடங்கு செறிவாக்குகிறது. கொழுப்புணவு முன்சிறுகுடலை அடைந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்னும் இயக்குநீர் குருதியில் கலக்கும். உடனே பை சுருங்கிப் பித்தநீரைக் குடலுக்குச் செலுத்தும். கொழுப்பு நுண்துளிகளாகச் சிதைந்து செரிமானத்துக்கு எளிதாகும். அவ்வியக்குநீரை ஐவி, ஓல்ட்பெர்க் என்போர் 1928இல் கண்டறிந்தனர்.

இத்தகைய செய்திகளைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்துக்கு யாழ்ப்பாணம் முன்னரே விடை பகர்ந்துவிட்டது. 1822இல் அமெரிக்காவில் பிறந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், கற்றவர்கள் தம் ஊர்மக்களிடையே தங்கிப் பணிபுரிய வேண்டுமென்று கருதித் தமிழுக்கு மாறினார். மானிப்பாயில் அவரும் அவர்தம் தமிழ் மாணவர்களும் உழைத்த உழைப்பால் 'இரண வைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியலுக்கு அவர்கள் வழங்கிய பெயர். அச்சொல் இன்று வழக்கிழந்தது. அவர்கள் இட்ட வழி அழியவில்லை.

அந்நூல்கள் வந்த காலத்தில் பித்தப்பையை அகற்றும் அறுவை உலகில் எங்கும் நிகழ்ந்திருக்கவில்லை. 1882 ஜூலை 15ஆம் நாள் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாக அதனைச் செய்து முடித்தார். பையின்றியும் மனிதன் வாழலாம் என்பது அதனால் மெய்ப்பட்டது. ஈரலின் பித்தநீர் நேரே குடலுக்குச் சென்றுவிடும். குதிரைக்கும் யானைக்கும் இப்பை இயல்பாகவே இல்லை.

சொல்லின் இரு பொருளும் குழம்பினால் விளையும் தீங்கு சிறிதன்று. கொழுப்புணவுக்குப் பின் வலப்பக்க விலாவின் கீழ் எழுந்து, தோள்வரை பரவும் வலி பித்தக்கல்லால் நேர்வதாகலாம். "பித்தம்தான்" என்று எலுமிச்சைச் சாற்றோடு அதனை விட்டுவிடலாகாது. அவ்வலியோடு காய்ச்சலோ கண் மஞ்சளோ சேருமாயின் மருத்துவமனை செல்லத் தாமதித்தல் கூடாது.

மலேசியாவில் 2003இல் அறிவியல் பாடம் தமிழ்ப் பள்ளிகளிலும் ஆங்கிலத்துக்கு மாறியது; 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தது. அறிவியல் தமிழில் நிலைபெறுவது ஆசிரியரின் கையிலுள்ளது. பித்தப்பையின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து தமிழில் விளக்கினால், மாணவர் அச்செய்தியை வீட்டுக்கு எடுத்துச் செல்வர். ஆங்கிலம் அறியாப் பாட்டியும் அதனைக் கேட்டுத் தன் வலியின் காரணத்தை உணர்வாள். கிறீன் தமிழைத் தேர்ந்ததன் பயனும் இதுவே.