ஆம்ப்ரிட்ஜ் என்னும் இல்லாத ஊர்

2016 ஏப்ரல் மாதம். பர்மிங்ஹாமில் மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப் போயிருந்தேன். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பது வழக்கம். அங்கே தினமும் இரண்டு மூதாட்டிகள் வருவார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். ஒருவர் குள்ளம், கையில் எப்போதும் ஒரு கட்டம் போட்ட தள்ளுப்பை. இன்னொருவர் ஒல்லி, அதிகம் பேசமாட்டார். வெள்ளைக்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். இவர்கள் விடாமல் பேசினார்கள்.

ஒரு நாள் குள்ளமானவர் சொன்னது காதில் விழுந்தது. "வயிற்றில் பிள்ளையோடு அவளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்களே. அந்தச் சின்னப் பையன் வேறு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான்."

இன்னொருவர், "அவன் பிழைத்துக்கொண்டானாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை" என்றார்.

எனக்குப் பகீரென்றது. நம் தெருவுக்குப் பக்கத்தில் ஏதோ கத்திக்குத்து நடந்திருக்கிறது, பேத்தியை இனி எப்படி வெளியே அனுப்புவது என்று கவலையோடு வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்பா, அது ரேடியோ நாடகம்ப்பா. ஆர்ச்சர்ஸ். இங்கே பாதிப் பேருக்கு அந்த ஊர்தான் சொந்த ஊர்."

அன்றிலிருந்து நானும் கேட்கத் தொடங்கினேன். அப்புறம் நூலகத்துக்குப் போய்ப் பழைய கதையைத் தேடிப் படித்தேன். படித்தவற்றில் நம் வயதுக்காரர்களுக்குச் சுவைப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தும் இங்கிலாந்தில் ரேஷன் முடியவில்லை. இறைச்சிக்கு 1954 வரை ரேஷன் இருந்தது. விளைச்சலைப் பெருக்க வேண்டும், சிறு விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்ல வேண்டும். வானொலியில் நிபுணர்களை உட்கார வைத்துப் பேச்சு பேச வைத்தார்கள். யார் கேட்பார்கள்? 1948-இல் பர்மிங்ஹாமில் விவசாயிகளையும் அதிகாரிகளையும் அழைத்து பிபிசி ஒரு கூட்டம் போட்டது. அதில் லிங்கன்ஷயர் விவசாயி ஒருவர் எழுந்து, எங்களுக்கு வேண்டியது விவசாயத்துக்கு ஒரு டிக் பார்ட்டன் என்றாராம். டிக் பார்ட்டன் அப்போது மாலை 6.45-க்கு நாடே காது கொடுத்துக் கேட்ட துப்பறியும் தொடர். கூட்டத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாட்டுத் தொழுவத்தில் என்ன துப்பறிவது?

ஆனால் காட்ஃப்ரி பேஸ்லி என்ற நிகழ்ச்சித் தயாரிப்பாளர் அந்தப் பேச்சை மறக்கவில்லை. டிக் பார்ட்டன் எழுதிக்கொண்டிருந்த ஜெஃப்ரி வெப், எட்வர்ட் மேசன் இருவரையுமே பிடித்து இதை எழுத வைத்தார். 1950 மே மாதம் மிட்லண்ட்ஸ் பகுதியில் மட்டும் ஐந்து நாள் ஒலிபரப்பிப் பார்த்தார்கள். 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும். ஆம்ப்ரிட்ஜ் என்று ஒரு கற்பனைக் கிராமம், போர்செட்ஷயர் என்று ஒரு கற்பனை மாவட்டம், ப்ரூக்ஃபீல்டு என்று ஒரு பண்ணை. அதில் டான் ஆர்ச்சர், மனைவி டோரிஸ், பிள்ளைகள். ஈஸ்டருக்குப் பிறகு டிக் பார்ட்டன் இருந்த 6.45 மணியே இதற்குக் கிடைத்தது. துப்பறிவாளரை மாட்டுப் பண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

1972 வரை விவசாய அமைச்சகத்தோடு கலந்து பேசித்தான் கதை எழுதினார்கள். பசுவுக்கு மடிநோய் வந்தால் டான் என்ன செய்தார் என்று கேட்டு ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். நமக்கு இது புதிதல்ல. எங்கள் ஊர் பஞ்சாயத்து ரேடியோவின் கீழே சாயங்காலம் துண்டை விரித்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருச்சி வானொலி ஆடுதுறை 27-ஐப் பற்றிச் சொல்லிச் சொல்லி, தஞ்சை மாவட்டத்தில் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்தது. நிகழ்ச்சியில் வரும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதைக் கேட்டு, "சின்னவர் சொல்றதுதான் சரி" என்று எங்கள் பெரியப்பா ரேடியோவைப் பார்த்துப் பதில் சொல்லுவார். பெட்டிக்குள் இருப்பவர்களோடு சண்டை போடும் பழக்கம் எல்லா நாட்டுக் கிராமத்துக்கும் பொது போலிருக்கிறது.

ஆர்ச்சர்ஸ் ரசிகர்கள் இந்தச் சண்டையை உண்மையிலேயே பெரிதாகப் போட்டது 1955 செப்டம்பர் 22 அன்றுதான். டானின் மகன் ஃபில்லுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்தன. அவன் மனைவி கிரேஸ், தீப்பிடித்த லாயத்துக்குள் குதிரையைக் காப்பாற்ற ஓடினாள். உத்தரம் விழுந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஃபில்லின் கையிலேயே உயிர் போயிற்று. அன்று கேட்டவர்கள் சுமார் 2 கோடிப் பேர். அப்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 5 கோடி சொச்சம்தான்.

பிபிசியின் தொலைபேசி இணைப்பகம் திணறியது. பூக்களும் மலர்வளையங்களும் வந்து சேர்ந்தன. பத்திரிகைகளில் நாள் கணக்கில் கடிதங்கள். ஒரு பெண்ணைக் கொல்ல உங்களுக்கு என்ன உரிமை என்று சிலர், நாடகம்தானே என்று சிலர். இதில் இன்னொரு சங்கதி உண்டு. அதே இரவில்தான் லண்டனில் ஐடிவி என்ற போட்டித் தொலைக்காட்சி தொடங்கியது. மறுநாள் காலைப் பத்திரிகையில் அதுதான் முதல் செய்தியாக இருந்திருக்க வேண்டும். கிரேஸ் அந்த இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டாள். வேண்டுமென்றே செய்ததா என்று அன்று தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. பாத்திரங்கள் அதிகமாகிவிட்டன, யாரையாவது குறைக்க வேண்டியிருந்தது என்று ஒரு பக்கம் சொன்னார்கள். நாளையும் நேரத்தையும் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

கிரேஸாக நடித்த யிசான் சர்ச்மன் பிற்காலத்தில் வேறொரு காரணம் சொன்னார். ஆண் நடிகர்களுக்குக் கொடுக்கும் அதே சம்பளத்தைப் பெண்களுக்கும் கேட்டு, நடிகர் சங்கத்தின் உதவியை நாடியவர் அவர். அதற்காகத்தான் தம்மைத் தீயில் தள்ளினார்கள் என்றார். ரசிகர்கள் கதைக்குள் கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா சம்பளப் பட்டியலைக் காட்டினார்.

ஃபில்லாக நடித்த நார்மன் பெயின்டிங் 1950 முன்னோட்டத்தில் தொடங்கி 2009-இல் இறக்கும் வரை ஏறக்குறைய 60 வருடம் அதே ஃபில்லாகவே இருந்தார். பெக்கியாக நடித்த ஜூன் ஸ்பென்சர் ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 103. நம்மில் சிலர் 58-லேயே பென்ஷன் வாங்கிக்கொண்டு முதுகுவலி என்கிறோம்.

கேட்பவர்களின் கறார்த்தனத்துக்கு ஒரு சின்ன உதாரணம். 2011 ஜனவரி 2, தொடரின் 60-ஆம் ஆண்டுச் சிறப்புப் பகுதி. நைஜல் என்ற நல்ல மனிதர் குளிரில் தமது பழைய மாளிகையின் கூரையில் ஏறி, வழுக்கி, நீளமாக அலறிக்கொண்டே விழுந்தார். மறுநாள் ரசிகர்கள் அழுதார்கள். அதற்கடுத்த நாள் கணக்குப் போட உட்கார்ந்தார்கள். அலறல் இத்தனை விநாடி நீண்டதென்றால் அந்தக் கூரை எத்தனை உயரம்? பள்ளியில் படித்த சூத்திரத்தை வைத்து நானும் போட்டுப் பார்த்தேன். மூன்று விநாடி விழுந்தாலே 44 மீட்டர் வருகிறது. அது மாளிகை அல்ல, கோயில் கோபுரம்!

சரி, பஸ் நிறுத்தத்துக்கு வருகிறேன்.

அந்த ஏப்ரலில் உள்ளே போனவள் பெயர் ஹெலன். ஆர்ச்சர் குடும்பத்துப் பெண், ஒரு பையனோடு தனியாக இருந்தவள். பால் பண்ணையை நடத்த 2013-இல் ஊருக்கு வந்த ராப் என்பவன் அவளோடு பழகி, பிறகு கல்யாணம் செய்துகொண்டான். அடி உதை என்று பெரிதாக எதுவும் காதில் விழவில்லை. "நீ களைத்திருக்கிறாய், கார் ஓட்டாதே." "இந்த உடை உனக்கு நன்றாக இல்லை." "கடைக்கு நீ போக வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்." தோழியைக் கத்தரித்தான், வேலையைக் கத்தரித்தான், பையனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். எல்லாம் அக்கறை மாதிரியே இருக்கும். ஊருக்கு அவன் தங்கமான மாப்பிள்ளை. இதை இரண்டரை வருடம், தினம் 13 நிமிடமாக, சொட்டுச் சொட்டாக நடத்தினார்கள். கதையை எழுதுவதற்கு முன் பெண்களுக்கு உதவும் அமைப்புகளைக் கலந்தாலோசித்தார்கள். 2015 டிசம்பர் 29-இல், இப்படி மனைவியை அடக்கி ஆள்வதையே குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அமலுக்கு வந்தது. ஐந்து வருடம்வரை சிறை. 2016 ஏப்ரல் 3 ஞாயிறு இரவு, வீட்டைவிட்டுப் போகப்போகிறேன் என்று ஹெலன் சொன்னாள். நடந்த தகராறில் கத்தி அவள் கையில் இருந்தது.

ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். எங்களுக்கு மாடும் ஜாம் போட்டியும் போதும், ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இது என்ன கொடுமை என்று ரேடியோவை அணைத்தவர்கள் ஒரு கட்சி. கேட்டே தீர வேண்டும் என்றவர்கள் இன்னொரு கட்சி. கேட்பவர் ஒருவர் இணையத்தில் உண்டியல் வைத்தார். ஹெலன் கற்பனை, ஆனால் ஹெலன்கள் நிஜம் என்ற கருத்தில். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்து, வீட்டுக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்புக்குப் போனது. உதவி எண்ணுக்கு அழைப்புகள் கூடியதாகவும் செய்தி வந்தது.

பஸ் நிறுத்தத்திலும் இதே வாதம்தான். தள்ளுப்பை அம்மா எப்போதும் ஒரே கேள்வி கேட்பார். "முதல் வருடமே கிளம்பியிருக்கலாமே? அம்மா அப்பா ஒரு மைல் தூரத்தில்தானே இருக்கிறார்கள்?" ஒல்லி அம்மா பதில் சொல்லமாட்டார். மே மாதத்தில் ஒரு நாள், பஸ் தெருமுனையில் திரும்பும்போது, சாலையைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்குப் பதினொரு வருடம் ஆயிற்று. என் அம்மா வீடு அடுத்த தெருவில்."

தள்ளுப்பை அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பஸ் வந்ததும் அவர் பையை இவர் தூக்கி வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் அங்கே கேட்கவில்லை.

எனக்கு அன்று பகலெல்லாம் வேலை ஓடவில்லை. 1980-களில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருவில் ஒரு வீடு. கணவர் நல்ல உத்தியோகம், கோயிலில் முன்வரிசை, எல்லோருக்கும் வணக்கம் சொல்வார். அந்த அம்மாள் வாசலுக்குக் கோலம் போட வருவதோடு சரி. ஒரு நாள் என் மனைவியிடம் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "கடிதம் எழுதினா அவருக்குக் காட்டிட்டுத்தான் போடணும் அக்கா" என்றாளாம். என் மனைவி வந்து சொன்னபோது நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். "அவ்வளவு கஷ்டம்னா அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த வருடம் அவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்றுகூட நாங்கள் விசாரிக்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரம் ஆம்ப்ரிட்ஜ் வழக்கு விசாரணைக்கு வந்தது. ஹெலன் சிறைக்காவலில் இருந்தபோதே பிள்ளை பெற்றிருந்தாள். 11-ஆம் தேதி ஞாயிறு இரவு, வழக்கமான 13 நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் ஒலிபரப்பினார்கள். ஜூரிகளின் அறைக்குள்ளேயே ஒலிவாங்கியை வைத்தது மாதிரி, பன்னிரண்டு பேரும் அடித்துக்கொண்டார்கள். அங்கும் ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார், ஏன் போகவில்லை என்று. சமையலறையில் மருமகள் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நின்றாள். தமிழ் சீரியல்கூடப் பார்க்காத பெண். தீர்ப்பு, குற்றவாளி அல்ல. "அப்பாடா" என்று சொல்லிவிட்டு மறுபடி குழாயைத் திறந்தாள்.

மறுநாள் காலை கொஞ்சம் சீக்கிரமே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். ஐந்து மாதத்தில் நான் அவர்களிடம் காலை வணக்கம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று ஒல்லி அம்மா தனியாக நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும், "கேட்டீர்களா?" என்றார். நானும் கேட்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

"கேட்டேன்" என்றேன்.

"பிள்ளைகளை அவனிடம் கொடுத்துவிடுவார்களோ என்றுதான் பயம். அது இன்னும் முடியவில்லை, பாருங்கள்" என்றார். பஸ் வந்தது.