பன்னிரண்டு கிலோ ஆம்ப்

1974-ல் அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு, மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களாலேயே ஒரு மதில் எழுப்பியது. ‘வால் ஆஃப் சவுண்ட்’ என்று பெயர். அதற்கு உயிர் கொடுத்தவை மெக்கின்டோஷ் எம்சி-2300 ஆம்ப்ளிஃபயர்கள். நாற்பதுக்கும் மேல் அடுக்கியிருந்தார்கள். ஒன்றின் எடை சுமார் 58 கிலோ. அத்தனை எடைக்கும் கிடைத்தது சேனலுக்கு 300 வாட்தான்.

சுமார் முப்பது வருடம் கழித்து, ஸ்வீடனின் குங்ஸ்பக்கா என்ற ஊரிலிருந்து ஒரு ஆம்ப் வந்தது. 1979-ல் தொடங்கிய லேப் குரூப்பன் நிறுவனத்தின் எஃப்பி 10000க்யூ. நான்கு சேனல், 4 ஓமில் சேனலுக்கு 2,100 வாட். எடை 12 கிலோ. இரண்டு பேர் முக்கித் தூக்கிய வேலையைவிடப் பல மடங்கு வேலையை ஒரு பையன் அக்குளில் இடுக்கிக்கொண்டு மேடை ஏறலாம் என்றானது. இன்று தமிழ்நாட்டில் கோயில் கொடையிலும் கல்யாண மண்டபத்திலும் அரசியல் கூட்டத்திலும் ரேக்கில் உட்கார்ந்திருக்கும் பல ஆம்ப்களின் பூர்வீகம் இந்த டிசைன்தான். அசலை அவற்றில் தேட வேண்டாம். நகல்தான், நகலின் நகலும் உண்டு.

எடை எங்கே போனது என்பதிலிருந்துதான் இந்தக் கதையைச் சொல்ல முடியும். பழைய ஆம்ப்பில் பாரம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறைதான் திசை மாறுகிறது. அவ்வளவு மெதுவாக வருவதால் ஒவ்வொரு முறையும் பெரிய அளவு சக்தியை இரும்புக்குள் காந்தமாக ஏற்றி இறக்க வேண்டியிருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை அண்டா அண்டாவாகச் சுமப்பதற்குப் பதில், அதே தண்ணீரைக் கையளவு செம்பில் கண்ணிமைக்கும் வேகத்தில் மொண்டு கொடுத்தால் அண்டா வேண்டியதில்லை. புது ஆம்ப் அதைத்தான் செய்கிறது. வரும் 230 வோல்ட்டை நேராக டையோடில் விட்டு டிசி ஆக்குகிறது. பிறகு மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சுகளை வைத்து அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் ஃபெரைட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அனுப்புகிறது. இதுதான் எஸ்எம்பிஎஸ். கம்ப்யூட்டரில் வந்தது, டிவியில் வந்தது, ஆம்ப்புக்குள் வரத்தான் தாமதமானது. பாட்டில் ஒரு பேஸ் அடி விழும் கணத்தில் ஆம்ப் கேட்கும் மின்சாரம் சட்டென்று எகிறும், அடுத்த கணம் வடியும். அதற்கு ஈடுகொடுக்கும் சப்ளை செய்வது சுலபமில்லை.

ஸ்வீடன்காரர்கள் இன்னொரு வித்தையும் சேர்த்தார்கள். அவுட்புட் டிரான்சிஸ்டர்களுக்குப் போகும் வோல்ட்டேஜ் எப்போதும் உச்சத்தில் நிற்காது; பாட்டு ஏறும்போது ஏறும், இறங்கும்போது இறங்கும். கிளாஸ் டிடி என்று பெயர் வைத்தார்கள். வீணாகும் சூடு குறைந்ததால் ஹீட்சிங்க்கும் சிறுத்தது. எடை அங்கேயும் கொஞ்சம் போனது.

சில வருடத்துக்குள் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துப் பட்டறைகளில் இந்த ஆம்ப்பின் நகல்கள் பிறந்தன. நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அசல் விலைக்கு இந்த ஆம்ப் தென்காசிப் பக்கத்து சவுண்ட் சர்வீஸுக்கு வந்தே இருக்காது. சர்க்யூட் அதே சர்க்யூட், முன்பக்கம் அதே முகம். மிச்சம் பிடித்தது எல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கெப்பாசிட்டரின் தரம், டிரான்சிஸ்டருக்கு அடியில் தடவும் பேஸ்ட், போர்டில் ஓடும் செம்பின் கனம். சில போர்டில் வோல்ட்டேஜ் எகிறினால் காவு கொடுக்க வைக்கும் எம்ஓவிக்கு இடம் மட்டும் அச்சடித்திருக்கும், பாகம் இருக்காது. வாங்குகிறவர் வாட் கணக்கைக் கேட்பார், விலையைக் கேட்பார். திருகைக் கழற்றி அந்தக் காலி இடத்தைப் பார்த்து வாங்கியவர் யாரும் இருக்க மாட்டார்.

நம் ஊரில் அதற்கு முன் இருந்தது வேறு உலகம். டெல்லியில் 1940-ல் தொடங்கிய அஹுஜாவின் ஆம்ப், புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர், ஒரு பாட்டரி. ‘ரேடியோ செட்’ என்றால் அவ்வளவுதான். டிரான்ஸ்ஃபார்மர் கனமாக இருக்கும், ஆனால் அடி தாங்கும். வோல்ட்டேஜ் குறைந்தால் குரல் கம்மும், கூடினால் உறுமும், மீறினால் ஃபியூஸ் போகும். புது ஃபியூஸ் கிடைக்கவில்லை என்றால் செம்புக் கம்பி ஒரு இழை. அந்தப் பழக்கம் புது ஆம்ப்புக்கும் தொடர்ந்ததுதான் வினை.

ஆடி மாதக் கொடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குட்டி யானையில் ரேக் வந்து இறங்குகிறது. ஜெனரேட்டரிலிருந்து மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல். கோபுரத்துக்கும் தெரு முழுக்கவும் சீரியல் செட், ஃபோகஸ் லைட் ஒரு ஃபேஸில். சவுண்ட் இன்னொரு ஃபேஸில். ஆறு மணிக்கு லைட் எல்லாம் எரிகிறது, ஆம்ப்பை ஆன் பண்ணி வைத்தாயிற்று, இன்னும் பாட்டுப் போடவில்லை. அந்த நேரத்தில் பேனலில் நியூட்ரல் நட்டு ஒன்று சரியாக முறுக்காமல் சூடேறி விட்டுவிடுகிறது. உடனே என்ன ஆகும்? லைட்டும் ஆம்ப்பும் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் தொடர்ச்சியாக மாட்டிக்கொள்கின்றன. இரண்டுக்குமாக 400 வோல்ட். அதில் யார் குறைவாக மின்சாரம் இழுக்கிறாரோ அவர் தலையில்தான் அதிக வோல்ட்டேஜ் விழும். லைட் நிறைய இழுக்கிறது, சும்மா இருக்கும் ஆம்ப் கொஞ்சம்தான் இழுக்கிறது. லைட் மங்குகிறது, ஆம்ப் புகைகிறது.

“அண்ணே, ஒரு பாட்டுக்கூடப் போடல. வால்யூம் ஜீரோல இருக்கு. அதுக்குள்ள டப்புன்னு சத்தம், ஒரே பொகை” என்று மறுநாள் கடைக்கு வரும் பையன் பொய் சொல்லவில்லை. சத்தமாகப் போட்டிருந்தால்கூட ஒருவேளை தப்பியிருக்கும். மெக்கானிக் மூடியைக் கழற்றும் முன்பே கேட்பது ஒரே கேள்வி: “நியூட்ரல் யாரு தம்பி குடுத்தது?”

கணக்கு எளிது. 230 வோல்ட் ஏசி, டிசி ஆனால் சுமார் 325 வோல்ட். இந்த வகை சப்ளையில் வழக்கமாக வைக்கும் கெப்பாசிட்டர்கள் 400, 450 வோல்ட் வரை தாங்கும். ஏசி 400-ஐ நெருங்கினால் டிசி 560-ஐத் தொடும். நடுவில் இரும்பு இல்லை. வந்தது நேராக உள்ளே போகிறது. கெப்பாசிட்டர் தலை பிளக்கிறது, மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிறது, அதை ஓட்டிய டிரைவர் ஐசியும் கேட் ரெசிஸ்டர்களும் கூடவே போகின்றன.

இதில் இன்னொரு உள்குத்து உண்டு. எஸ்எம்பிஎஸ் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. வோல்ட்டேஜ் அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று பிடுங்குகிறது. மூன்று ஃபேஸிலும் இப்படிப் பிடுங்கும் கருவிகளைச் சமமாகவே பிரித்துப் போட்டாலும், நியூட்ரலில் மின்சாரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. மூன்றாம் மடங்கு அலைகள் அங்கே கூடும். ஃபேஸைவிட நியூட்ரல் அதிகம் சுமக்கும் நிலையும் வரும். பழைய பழக்கத்தில் நியூட்ரலுக்கு ஒல்லிக் கம்பி போடும் எலக்ட்ரீஷியன் இருந்தால் அந்த ஜாயிண்ட் கொதிக்காமல் என்ன செய்யும்? தன்னைக் கொல்லப்போகும் நட்டைச் சூடாக்குவதில் ஆம்ப்புக்கும் பங்கு இருக்கிறது. மின்சாரத்தை ஒழுங்காக இழுக்கும் பிஎஃப்சி சர்க்யூட்டை இத்தாலியின் பவர்சாஃப்ட் தன் கே வரிசையில் சேர்த்தது. மலிவு நகல்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

நியூட்ரல் தப்பினாலும் சாவுக்கு வேறு வழிகள் உண்டு. எட்டு ஓம் பெட்டி நாலை ஒரே சேனலில் கோத்தால் 2 ஓம். ஸ்வீடன் ஆம்ப் தாங்கும் என்று எழுதியிருந்ததை நகலும் தாங்கும் என்று நம்பி விடிய விடிய ஓட்டுவார்கள். காற்றாடி, திடலின் புழுதியையும் வெடிப்புகையையும் உறிஞ்சி ஹீட்சிங்க் பற்களுக்கு நடுவில் கம்பளம் போல் படியவிடும். அதன்மேல் பின்னிரவுப் பனி. பல்லியின் கதை தனி. வெதுவெதுப்புக்கு உள்ளே போய், வால் ஒரு பக்கமும் தலை ஒரு பக்கமுமாக 325 வோல்ட்டுக்கு நடுவில் படுத்துவிடும். கருகிய பல்லியை முடி பிரஷ்ஷால் தட்டி எடுத்த பிறகுதான் சில பெஞ்சுகளில் மீட்டரே வெளியே வரும்.

அந்த பெஞ்சைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். முதல் வேலை, பெரிய கெப்பாசிட்டர்களை வடிப்பது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் ஆளைத் தூக்கி அடிக்கும் சக்தி மிச்சம் இருக்கும். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் வைத்தால் ஒரு கணம் மினுக்கி அணையும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் தட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய ஸ்க்ரூ டிரைவர் நுனியில் அம்மைத் தழும்பு இருக்கும். அடுத்து மீட்டரை டையோடு சோதனையில் வைத்து மாஸ்ஃபெட் வரிசையை ஒவ்வொன்றாகத் தொடுவது. ‘பீப்’ என்றால் ஷார்ட். ஒன்று போயிருந்தால் அதன் ஜோடியையும் மாற்றியாக வேண்டும், கேட் ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டும். செத்ததை மட்டும் மாற்றிப் போட்டால் புதுசு, சுவிட்ச் போட்ட நொடியே வெடிக்கும்.

பழைய மெக்கானிக்குக்கு சீரிஸ் பல்புதான் சாமி. ஆம்ப்புக்குப் போகும் லைனில் ஒரு நூறு வாட் பல்பைத் தொடராகப் போடுவது. பளிச்சென்று எரிந்தே நின்றால் உள்ளே ஷார்ட். ஒருமுறை மின்னி மங்கினால் பிழைத்தது. இந்த ஆம்ப் அந்தச் சோதனையையும் குழப்புகிறது. பல்பு வோல்ட்டேஜைக் கொஞ்சம் தின்றதும், லைன் போதவில்லை என்று சப்ளை தானே அணைந்துகொள்ளும், திரும்பத் தொடங்கும், அணையும். ரிலே ‘டிக் டிக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். பழுதா இல்லையா என்று அதைவைத்துச் சொல்ல முடியாது. நல்ல மெக்கானிக் பெரிய பல்புக்கு மாறுவார், அல்லது வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெதுவாக ஏற்றி, மீட்டரைக் கெப்பாசிட்டர் மேலேயே வைத்திருப்பார்.

உதிரி பாகம் இன்னொரு சோதனை. 5200, 1943 என்ற டோஷிபா ஜோடி டிரான்சிஸ்டரைத் தெரியாத ஆம்ப் மெக்கானிக் இந்தியாவில் இல்லை. அதன் போலியைச் சந்திக்காதவரும் இல்லை. எழுத்து, லோகோ எல்லாம் கச்சிதமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஒன்றை வைஸில் வைத்து உடைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இருக்க வேண்டிய சிலிக்கன் சில்லு, நகத்துணுக்கு அளவுக்குச் சுருங்கியிருக்கும். சென்னை ரிச்சி தெருவில் பத்து வாங்குகிறவர் பதினொன்றாக வாங்குவதற்கு இதுதான் காரணம். சிறு போர்டில் இருப்பவை எல்லாம் எறும்பு அளவு பாகங்கள். ஹாட் ஏர் வேண்டும், லென்ஸ் வேண்டும். சில ஐசியில் எண்ணைச் சுரண்டிவிட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

ஆனால் எல்லாப் பழுதும் இவ்வளவு கொடியதில்லை. குட்டி யானையில் குலுங்கி வந்த ஆம்ப்பில் பாதி, வெறும் டிரை சோல்டர். கனமான காயிலின் காலைச் சுற்றி முடி போன்ற வட்டக் கீறல் விழுந்திருக்கும். விரலால் தட்டினால் சத்தம் போய்ப் போய் வரும். பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதுசு வைத்து, காயிலுக்கு அடியில் சிலிக்கன் பசை கொஞ்சம் பிழிந்தால் இன்னும் மூன்று கொடை பார்க்கும். ரேக்கில் முன்பக்கம் மட்டும் திருகி, பின்பக்கம் தொங்கவிட்டிருந்தால் திரும்பவும் அதே கதைதான்.

இப்போது நிறைய கடைகளில் பாகத்தை மாற்றுவதில்லை, போர்டையே மாற்றுகிறார்கள். சப்ளை போர்டு தனியாகவும் அவுட்புட் போர்டு தனியாகவும் விற்கிறது. அவசரத்துக்கு அது நியாயம்தான். நாளைக்குக் கல்யாணம் இருக்கிறவரிடம் டிரைவர் ஐசிக்குக் காத்திருக்கச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு பெஞ்சுக்கு அடியிலும் இரண்டு மூன்று பிரேதங்கள் கிடக்கும். ஒன்றின் காற்றாடி இன்னொன்றுக்குப் போகும், அதன் ரிலே வேறொன்றுக்கு. ஸ்பீக்கான் சாக்கெட்டும் வால்யூம் குமிழும்கூடக் கழன்றுபோகும்.

கடைசியில் மிஞ்சுவது தகரப் பெட்டியும் அலுமினியமும். பழைய ஆம்ப் செத்தால் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் செம்புக்காகவே காயலான் கடைக்காரர் வீடு தேடி வந்து எடுப்பார். இதை வாசலில் வைத்து, ஒரு கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “உள்ள ஒண்ணுமே இல்லையே அண்ணாச்சி” என்று அலுமினிய விலைக்கு மட்டும் பேரம் தொடங்குகிறார்.